படித்துப் பார்க்க ஆள் வேண்டும்

பாப்பா,

பைத்தானை வைத்து புரோகிராம் எழுதினது போதும், அந்த மொழியை உருவாக்குகிற திட்டத்திலேயே சேரவேண்டும், எங்கே தொடங்குவது மாமா என்று கேட்டிருந்தாய். உடனே கோட் எழுத உட்காராதே. எழுதித் தருகிறவர்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை. எழுதியதைப் படித்துச் சரி, தப்பு சொல்கிறவர்களுக்குத்தான் பஞ்சம். நாம் எல்லோரும் ஓட்டுகிற பைத்தானுக்கு சிபைத்தான் என்று பெயர். அதன் கிட்ஹப் பக்கத்தைத் திறந்து பார், 'இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று வந்த புல் ரிக்வெஸ்டுகள் ஆயிரத்துக்கும் மேல் யார் கண்ணிலாவது படமாட்டோமா என்று கிடக்கும். கல்யாண வீட்டில் சாம்பார் வாளியைத் தூக்க ஆளாளுக்கு ஓடி வருவார்கள். இலை எடுக்கத்தான் ஆளைத் தேடவேண்டும். நீ இலை எடுக்கப் போ.

முதலில் சோர்ஸை இறக்கி உன் லேப்டாப்பிலேயே பைத்தானை கம்பைல் செய். டெஸ்டுகளை ஓடவிடு. பிறகு பழைய இஷ்யூ ஒன்றை எடு. இப்படிச் செய்தால் பைத்தான் கிராஷ் ஆகிறது என்று யாரோ ஒருவர் நூறு வரி புரோகிராமோடு புகார் எழுதியிருப்பார். நீ கம்பைல் செய்த புதுப் பைத்தானிலும் அது வருகிறதா என்று பார். வந்தால், அந்த நூறு வரியை வெட்டிக்கொண்டே போய், பிழை மட்டும் மிஞ்சுகிற ஐந்தாறு வரியில் கொண்டுவந்து நிறுத்து. வராவிட்டால் எந்தப் பதிப்பில் சரியானது என்று தேடு. கண்டதைச் சுருக்கமாக அந்த இஷ்யூவின் கீழே எழுது. மாற்றங்களைச் சேர்க்கும் அதிகாரம் உள்ள கோர் டெவலப்பர் ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமையில் பாதியை நீ மிச்சப்படுத்திக் கொடுத்திருப்பாய்.

இது கை பழகியதும் அடுத்தவர் அனுப்பிய புல் ரிக்வெஸ்டை உன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார். டெஸ்ட் எழுதியிருக்கிறாரா, அந்த டெஸ்ட் பழைய பைத்தானில் தோற்கிறதா, ஆவணத்தை மாற்றியிருக்கிறாரா? இதையெல்லாம் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். கல்லூரியில் உனக்கு எழுதக் கற்றுத் தந்தார்கள், படிக்கக் கற்றுத் தரவில்லை. அதனால் ஆரம்பத்தில் தலை சுற்றும், பரவாயில்லை.

படிக்கிறவர்கள் எப்படிக் களைத்துப்போவார்கள் என்பதற்கு அந்த மொழியின் தகப்பனே சாட்சி. 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமில் கைடோ வான் ராசம் பொழுதுபோகத் தொடங்கிய வேலை அது; 1991-இல் வெளியே விட்டார். அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக எந்தச் சண்டையிலும் கடைசிச் சொல் அவருடையதுதான். 2018-இல், கோலனும் சமக்குறியும் சேர்ந்த ஒரு சின்னக் குறியீட்டை மொழியில் சேர்ப்பதா வேண்டாமா என்று பெரிய வாக்குவாதம். சேர்ப்பதென்று முடிவெடுத்தவர், அந்த ஜூலையிலேயே தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை விட்டு விலகிவிட்டார். ஒரு முடிவுக்காக இவ்வளவு போராடி, கடைசியில் இத்தனை பேருடைய வெறுப்பைச் சம்பாதிக்க இனி முடியாது என்கிற பொருளில் எழுதினார். இப்போது கோர் டெவலப்பர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழு அந்த இடத்தில் இருக்கிறது. திரையில் பெயர் மட்டுமே தெரிகிற அந்தக் கோர் டெவலப்பர்களுக்கும் சலிப்பு உண்டு. அவர்களில் பெரும்பாலோர் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறவர்கள்.

2020 அக்டோபரில் நடந்த கூத்து உனக்குத் தெரிந்திருக்காது. ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்று ஒரு திருவிழா. இத்தனை புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்று அறிவித்திருந்தார்கள். ஆவணத்தில் ஒரு வெட்டிச் சொல்லைச் செருகி ஆயிரக்கணக்கில் அனுப்பித் தள்ளினார்கள். நம் நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள், எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கடைசியில், தாங்களாக ஒப்புக்கொண்ட திட்டங்களுக்கு அனுப்பினால்தான் கணக்கு என்று விதியையே மாற்றவேண்டி வந்தது. இப்போது டி-ஷர்ட்டின் இடத்துக்கு ஏஐ வந்திருக்கிறது. அது எழுதித் தந்ததை நீ புரிந்துகொள்ளாமல் அனுப்பினால், உன் வேலையை வேறொருவர் தலையில் கட்டுகிறாய் என்று அர்த்தம். ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று உன்னால் சொல்ல முடியாவிட்டால் அனுப்பாதே.

சோர்ஸை இறக்கியதும் 'ஆப்ஜெக்ட்ஸ்' ஃபோல்டரில் 'லிஸ்ட்சார்ட்' என்கிற டெக்ஸ்ட் ஃபைலைத் தேடிப் படி. 2002-இல் டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்காக எழுதிய வரிசைப்படுத்தும் முறையை, டிம்சார்ட்டை, அவரே விளக்கி வைத்த குறிப்பு அது. இன்ன எண்ணை ஏன் வைத்தேன், எதையெல்லாம் முயன்று பார்த்தேன் என்று உட்கார்ந்து பேசுவதுபோல் எழுதியிருப்பார். அந்த முறையை ஜாவாவும் எடுத்துக்கொண்டது. 2015-இல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் சிலர் அது சரியானதுதான் என்று கணித முறையில் நிரூபிக்கப் போய், அவர் அந்தக் குறிப்பில் எழுதி வைத்த ஒரு விதியை புரோகிராம் எல்லா நேரமும் காப்பாற்றுவதில்லை என்று கண்டுபிடித்தார்கள். பைத்தானில் திருத்திவிட்டார்கள். பதின்மூன்று வருஷம் உலகமே ஓட்டிய கோட். விதியை அவர் எழுத்தில் வைத்திருந்ததால்தான் எதை மீறுகிறது என்று கைவைத்துக் காட்ட முடிந்தது. நீ எழுதுகிற காலம் வரும்போது காரணத்தையும் சேர்த்து எழுது.

அனுப்பியது உடனே சேரவில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே, வாரக்கணக்காகலாம், மாதக்கணக்காகலாம். இன்றைக்கு நீ டிக்‌ஷனரியில் போட்ட வரிசையிலேயே சாவிகள் திரும்பி வருகின்றன அல்லவா? அதற்கு வழிவிட்ட யோசனையை ரேமண்ட் ஹெட்டிங்கர் 2012-இல் சொன்னார். முதலில் அதைச் செய்து காட்டியது பைப்பை என்கிற வேறு திட்டம். சிபைத்தானில் அதைக் கட்டி முடித்தது இனடா நவோகி என்கிற ஜப்பானியர், 2016-இல் 3.6 பதிப்பில். யோசித்தவர் ஒருவர், கட்டியவர் இன்னொருவர். அதனால் எவர் பெருமையும் குறையவில்லை.

இன்னொன்று, அங்கே 'சார்' போடாதே. எவ்வளவு பெரிய ஆளானாலும் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். இந்த வரி தேவையில்லை என்று சொன்னால் அந்த வரியைத்தான் சொல்கிறார்கள், உன்னை இல்லை. உனக்கு ஒப்பவில்லையென்றால் காரணம் சொல்லி மறுத்துப் பேசு. பெரியவர்களை எதிர்த்துப் பேசினாள் என்று யாரும் வீட்டுக்கு ஃபோன் போட மாட்டார்கள்.

உன் அம்மா, இதில் காசு வருமா என்று கேட்பாள். நேரடியாக வராது என்று சொல். பைத்தான் அறக்கட்டளை 2021 முதல்தான் ஒரு கோர் டெவலப்பரை முழுநேரச் சம்பளத்துக்கு வைக்கத் தொடங்கியது. கூகுள் கோடைத் திட்டத்தில் இடம் கிடைத்தால் உதவித்தொகை உண்டு. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வேண்டியதைப் படி, அதை விடாதே. வாரத்தில் ஒரு சாயங்காலம் இதற்குப் போதும், ஆனால் அந்தச் சாயங்காலம் வாராவாரம் வரவேண்டும்.

டெஸ்டுகள் முழுக்க ஓட நேரம் பிடிக்கும். உன் லேப்டாப் சூடாகும், மடியில் வைத்துக்கொள்ளாதே. ஏதாவது டெஸ்ட் தோற்றால் பயப்படாமல், அதே டெஸ்டை மட்டும் தனியாக இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் போடு.