வாசல் மாறிப்போன கம்ப்யூட்டர்



நேற்று வீட்டில் நெட் வரவில்லை. "நீதான் ஏதோ அமுக்கிட்டே" என்று பேத்தி தன் தம்பியைத் திட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. இதையே நானும் ஒரு பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேரின் என்.எம்.எம்.எஸ். தேர்வு விண்ணப்பங்களைப் பதிவேற்றக் கடைசி நாள். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். கூலிக்குப் போகிற வீட்டில் அது எவ்வளவு பெரிய பணம் என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

பள்ளியில் இருந்தவை மூன்று பழைய கம்ப்யூட்டர்கள். மூன்றிலும் நெட் இல்லை. முந்தின நாள் அங்கே உட்கார்ந்திருந்தது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். "நீதான்டா ஏதோ பண்ணிட்டே" என்று திட்டி, அவனை வெளியே நிற்க வைத்தேன். ஒரு பிள்ளை மூன்றையும் எப்படிக் கெடுப்பான் என்றுகூட யோசிக்கவில்லை.

மூன்று மணிக்கு, கோவையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் பழைய மாணவனுக்குப் போன் போட்டேன்.

"பதறாதீங்க டீச்சர். கருப்புத் திரையைத் திறந்து, பக்கத்துக் கம்ப்யூட்டர் நம்பருக்கு பிங் அடிங்க."

அடித்தேன். பதில் வந்தது.

"அப்ப ஒயர் நல்லாத்தான் இருக்கு. இப்ப ஐபிகான்ஃபிக் அடிங்க. டீஃபால்ட் கேட்வேன்னு என்ன நம்பர் இருக்கு?"

192.168.1.1 என்றிருந்தது. அதற்கு பிங் அடித்தால் பதிலே இல்லை.

"மோடத்தைத் திருப்பி, அடியில ஸ்டிக்கரைப் பாருங்க டீச்சர்."

அதில் 192.168.1.254 என்று இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. இடியில் பழைய மோடம் போய், இரண்டு நாள் முன்பு புதியது மாட்டியிருந்தார்கள். மாட்ட வந்தவர் தன் லேப்டாப்பில் நெட் வருவதைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அது வாசல் நம்பரைத் தானாகவே வாங்கிக்கொள்ளும். எங்கள் கம்ப்யூட்டர்களில் யாரோ எப்போதோ கையால் எழுதி வைத்த நம்பர். தெருவுக்குள் கடிதத்தை நாமே கொடுத்துவிடலாம். வெளியூருக்கு என்றால் தபால் ஆபீசுக்குத்தான் போக வேண்டும். ஆபீஸ் இடம் மாறியது தெரியாமல், பழைய கட்டடத்திலேயே கடிதத்தைப் போட்டுக்கொண்டிருந்தன அந்த மூன்றும்.

கேட்வே பெட்டியில் புது நம்பரை எழுதினேன். டிஎன்எஸ் பெட்டியிலும் அதே பழைய நம்பர்தான், அதையும் மாற்றினேன். நெட் வந்தது. ஆறரை மணிக்குள் ஒன்பது விண்ணப்பங்களும் ஏறிவிட்டன.

வெளியே வந்து பார்த்தேன். மணி அடித்ததும் அவன் வீட்டுக்குப் போயிருந்தான்.

'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ' என்று ஆசிரியர் பயிற்சியில் படித்தவள் நான். பக்கத்து மெஷின், பிறகு வாசல், அப்புறம் வெளியூர் என்று என் மாணவன் சோதித்த வரிசையும் அதேதான். நானோ எடுத்த எடுப்பில் ஒரு பிள்ளையைக் குற்றவாளியாக்கிவிட்டேன்.

மறுநாள் அவனிடம் லேப் சாவியைக் கொடுத்து, "இனிமே நீதான் பொறுப்பு" என்றேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். 'தப்பு என்மேல்தான்' என்ற வார்த்தை மட்டும் என் வாயில் வரவில்லை. டீச்சர் என்ற கௌரவம் தடுத்தது.

தம்பி, நீ இந்தப் பக்கத்தைப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அன்று தப்பு உன்மேல் இல்லை. என்னை மன்னித்துவிடு.

பி.கு: மோடம் மாற்றினால், அதன் அடியில் உள்ள நம்பரை ஒரு சீட்டில் எழுதி கம்ப்யூட்டரில் ஒட்டி வையுங்கள். பிள்ளைகள் திட்டு வாங்காமல் தப்பிக்கும்.