ஒரு பெயர் நடந்த தூரம்

“குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுறது, பிள்ளை?” படிவம் நிரப்ப வரும் அம்மாக்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எங்கள் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயர் நிற்கும். கலியாணத்தின் பின் கணவரின் பெயர் வரும். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பெயர் எங்களில் பலருக்குக் கிடையாது. ஆங்கிலேயருக்கு உண்டு. அப்படியொரு பெயரின் பிறப்பிடத்தைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

பயிற்சி ஒன்றுக்காக இங்கிலாந்தின் வடகிழக்கே நியூகாசிலுக்குப் போயிருந்தேன். ஓய்வு நாளில் பஸ் ஏறி வொஷிங்டன் என்ற ஊருக்குப் போனேன். ஆம், அமெரிக்கத் தலைநகரின் அதே பெயர்தான். ஆனால் மூத்தது இந்த ஊர். முன்பு நிலக்கரி வெட்டிய இடம். பழைய தேவாலயத்தின் அருகே ஒரு கல்வீடு நிற்கிறது.

12ஆம் நூற்றாண்டில் வில்லியம் டி ஹேர்ட்பேர்ன் என்பவருக்கு இந்த ஊர் நிலம் கிடைத்தது. இங்கு வந்ததும் ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் பல இப்படி ஊரிலிருந்தோ தொழிலிலிருந்தோ வந்தவைதான். பிறகு வாரிசுகள் பிரிந்து தெற்கே போனார்கள். அதில் ஒரு கிளையில் வந்த லோரன்ஸ் வொஷிங்டன் என்ற கம்பளி வியாபாரி 1539இல் சல்கிரேவ் என்னும் இடத்தில் காணி வாங்கினார்.

என் மனம் நின்றது இதற்குப் பிறகு வந்த கதையில்தான். 1642இல் இங்கிலாந்தில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. அதே குடும்பத்தில் பிறந்த இன்னொரு லோரன்ஸ், எசெக்ஸில் பேர்லி என்ற ஊரில் குருவானவராக இருந்தார். அவர் மன்னர் பக்கம். 1643இல் அவரைப் பதவியிலிருந்து அகற்றினார்கள். அவர் மதுக்கடையே கதியென்று கிடந்தார் என்பது குற்றச்சாட்டு. உண்மையோ பொய்யோ, வேலை போனால் வருமானமும் போய்விடும் அல்லவா? அவர் மனைவி அம்பிலிஸ் ஆறு பிள்ளைகளுடன் ட்றிங் என்ற ஊரில், தன் தாயின் மறுமணக் கணவர் பக்கத்து உறவுகளின் ஆதரவில் வாழ்ந்தார். 1653இல் கணவர் இறந்தார். இரண்டு வருடத்தில் அவரும் இறந்தார். வொஷிங்டன் என்ற பெயரை உலகமே அறியும். அம்பிலிஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

மூத்த மகன் ஜோன் கப்பலில் தொழில் பார்த்து அமெரிக்காவின் வேர்ஜினியாவுக்குப் போனார். 1657இல் அவர் வந்த கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்டியது. அவர் அங்கேயே தங்கி, கலியாணம் செய்து, காணி சேர்த்தார். தம்பி லோரன்ஸும் தங்கை மார்த்தாவும் பின்னர் அங்கு போய்ச் சேர்ந்தார்கள். ஜோனின் பூட்டன்தான் 1732இல் பிறந்த ஜோர்ஜ் வொஷிங்டன், அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி. அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை.

ஆனாலும் பெயர் அழியவில்லை. 2000ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் இந்தப் பெயருள்ளோர் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர்! அடிமையாக வைக்கப்பட்டிருந்தவர்களும் அவர்களின் சந்ததியும் இப்பெயரைத் தமதாக்கிக்கொண்டார்கள். பின்னாளில் பெரிய கல்விமானான புக்கர் டி. வொஷிங்டன் சிறுவனாகப் பள்ளிக்கூடம் போன அன்று, இடாப்புக் கூப்பிடும்போது மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருப்பதைக் கண்டார். அவருக்கோ ஒன்றுதான். தன் முறை வந்ததும் “புக்கர் வொஷிங்டன்” என்றார். மாற்றுத் தந்தையின் முதற்பெயர் வொஷிங்டன். தாய் ஜேன், அடிமையாய் இருந்தபோது சமையல் வேலை செய்தவர்.

அந்தக் கல்வீட்டுக்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டில் அதன் அறைகளில் ஏழைக் குடும்பங்கள் பல வாடகைக்கு நெருக்கியடித்து வாழ்ந்தன. 1930களில் அது குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிவித்து இடிக்க இருந்தார்கள். ஊர் ஆசிரியர் ஒருவர்தான் ஆட்களைச் சேர்த்துத் தடுத்தார். 1955இல் அதைத் திறந்துவைக்க அமெரிக்கத் தூதுவர் வந்தார். கீழே பிரபுக்களின் தளபாடங்கள். மேலே அந்த வாடகைக் குடும்பங்களின் நினைவாக ஓர் அறை. நான் அங்கேதான் அதிக நேரம் நின்றேன். ஒரே அறையில் சமையல், படுக்கை, உடுப்புக் காயவைப்பது எல்லாம். முகாமில் தறப்பாள் கூரையின் கீழ் பார்த்தது போலவே இருந்தது. அங்கு வாழ்ந்த பெண்களின் பெயர்களைத் தேடிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.