அட்வைசரைப் பார்க்கும் முன்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், கொலம்பியா என்ற ஊரில், 1908-இல் வால்டர் வில்லியம்ஸ் தொடங்கிய இதழியல் பள்ளி இருக்கிறது. வகுப்புகள் தொடங்கிய நாளிலேயே மாணவர்கள் பத்திரிகையும் அச்சிட்டுவிட்டார்கள். அதுதான் இன்றைய ‘கொலம்பியா மிசூரியன்’. அந்தச் செய்தி அறையைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் அது ஏப்ரல் மாதம், அடுத்த செமஸ்டருக்குப் பாடங்களைப் பதிவு செய்யும் நேரம். பாடத் தேர்வில் வழிகாட்டும் அட்வைசரைச் சந்திக்கப் போகும் மாணவர்களைத் தயார்ப்படுத்தும் ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் ‘டிகிரி ஆடிட்’ தாள் இருந்தது. எதை முடித்தாயிற்று, எது பாக்கி என்ற கணக்கு அதில் இருக்கும். “ஒருவரைப் பேட்டி எடுக்கப் போகும் முன் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார் ஆசிரியை. ஆவணங்களைப் படிப்போம் என்றார்கள். “அப்படியானால் இதையும் படியுங்கள்.”

படித்தார்கள். பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். செமஸ்டருக்கு 12 எடுத்தாலே முழுநேர மாணவர்தான். ஆனால் எட்டு செமஸ்டரிலும் 12 எடுத்தால் 96 தான் வரும், 24 குறையும். இதைக் கூட்டிப் பார்த்ததும் பலர் முகம் மாறியது. கட்டணம் கட்டும் பெற்றோருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்பேன்.

பிறகு வாரத்தின் நேரத்தைக் கட்டமாகப் போடச் சொன்னார். இதழியல் மாணவருக்கு இதுதான் முக்கியம் என்று எனக்குப் பட்டது. செய்தி எழுதும் அடிப்படை வகுப்பை முடித்தால்தான் நிருபர் வகுப்பு, அதை முடித்தால்தான் செய்தி அறை. நடுவில் ஒன்றைத் தவறவிட்டால் பின்னால் வருவதெல்லாம் தள்ளிப்போகும். செய்தி அறைக்குப் போய்ச் சேர்ந்தாலோ, தாளில் மூன்று கிரெடிட் என்று இருப்பது வாரத்தின் பாதியை விழுங்கிவிடும். நகர மன்றக் கூட்டம் இரவு பதினொன்றைத் தாண்டலாம். கூட்டம் முடிந்த பிறகுதான் எழுதவே உட்கார முடியும். மறுநாள் காலை எட்டு மணிக்குப் புள்ளியியல் வகுப்பு வைத்திருந்த ஒரு பையன் தன் கட்டத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பாடத்தை வேறு செமஸ்டருக்கு மாற்றினான். அதைக் கைவிடாமல் மாற்றி வைத்தது நல்லது. நகராட்சி பட்ஜெட்டைப் படிக்கத் தெரியாத நிருபர் எத்தனை கூட்டத்துக்குப் போய் என்ன பயன்? சுலபமாக மதிப்பெண் வரும் என்று மட்டும் பார்த்து விருப்பப்பாடம் எடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கடைசியில் அட்வைசரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதினார்கள். “நான் என்ன எடுக்கலாம்?” என்று எழுதியவர்களிடம் அந்தக் கேள்வியை அடித்துவிடச் சொன்னார் ஆசிரியை. அதைக் கேட்டால் சந்திப்பு நேரம் முழுவதும் தாளைப் படித்துக் காட்டுவதிலேயே போய்விடுமாம்.

கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் இருந்தாள், இரண்டாம் ஆண்டு. “ஊர்ல என் ஃப்ரெண்ட்ஸுக்கெல்லாம் காலேஜே டைம்டேபிள் போட்டுக் குடுத்துருதுண்ணா. இங்க நாமதான் போடணும்னு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது,” என்றாள். அவள் திட்டத்தில் சரியாக 12 கிரெடிட் இருந்தது. அதில் இரண்டு ஆன்லைன் பாடங்கள். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கு முழுநேரக் கணக்கில் ஒரு ஆன்லைன் பாடம்தான் சேரும். அமெரிக்க மாணவருக்குப் பிரச்சினையே இல்லாத அதே பட்டியல், அவளுக்கு 9 கிரெடிட்டாகச் சுருங்கி விசாவையே ஆட்டிவிடும்.

“இத நான் யார்கிட்ட கேக்கணும்ணா?”

இரண்டு பேரிடம் கேட்க வேண்டும். வகுப்பில் நேரில் நடக்கும் வேறு பாடம் அந்த ஆன்லைன் பாடத்தின் இடத்தை நிரப்புமா என்பதைத் துறை அட்வைசரிடமும், விசா விதியை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும். அங்கேயே இரண்டு மின்னஞ்சல்களை எழுதி அனுப்பினாள். கூடவே இன்னொரு மாற்றுப் பாடத்தையும் பட்டியலில் போட்டு வைத்துக்கொண்டாள். மூத்த மாணவர்களுக்குத்தான் பதிவு முதலில் திறக்கும். இரண்டாம் ஆண்டுக்காரர்களின் முறை வருவதற்குள் நல்ல வகுப்புகள் நிரம்பிவிடுகின்றன.