தொட்டிக்குள் ஒரு துப்புரவுப் படை

வீட்டு மீன்தொட்டிக்கு நத்தை வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விக்கான பதில் அகத்தித் தீவில் இருக்கிறது

கொச்சியிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம் பறந்தால், நீலத்தில் போட்ட வெள்ளைக் கோடு போலத் தெரிகிறது லட்சத்தீவின் அகத்தி. தெற்கு முனையில் விமான ஓடுபாதையை விட்டால் மிச்சமிருப்பது மணலும் கடலும்தான். அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு மேற்குக் கரைக்கு நடந்தால் காயல். பவளப்பாறை வளையம் அலைகளை வெளியிலேயே நிறுத்திவிட, உள்ளே குளம் போலக் கிடக்கும் கடல்.

முழங்கால் ஆழத்தில் குனிந்து பார்த்தால், அங்கே ஓயாமல் வேலை நடந்துகொண்டிருக்கிறது. உடம்பெல்லாம் மணலை அப்பிக்கொண்ட கறுப்புக் கடல் அட்டை ஒன்று மணலை விழுங்கி, அதிலுள்ள கழிவைச் செரித்து, சுத்தமான மணலைப் பின்னால் விட்டுச் செல்கிறது. நத்தைகள் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டுகின்றன. காலிச் சங்குகளில் குடியிருக்கும் துறவி நண்டுகள் செத்த மீனின் மிச்சத்துக்கு அடித்துக்கொள்கின்றன. தலையை நீருக்குள் விட்டால், கிளி மீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம் கேட்கிறது.

மும்பையிலும் பெங்களூரிலும் வரவேற்பறையில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் காசு கொடுத்து வாங்குவது இந்தப் படையைத்தான். கடைக்காரர்கள் இதை 'கிளீன்-அப் க்ரூ' என்பார்கள். தொட்டியின் அளவைச் சொன்னால் போதும், இத்தனை நத்தை, இத்தனை நண்டு என்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். தவறு தொடங்குவது அங்கேதான்.

பார்க்க வேண்டியது தொட்டியின் அளவை அல்ல, அதிலுள்ள அழுக்கை. கண்ணாடியில் பச்சைப் படலமா? டர்போ நத்தை போதும். மணலில் உணவு மிச்சம் தங்குகிறதா? மணலுக்குள் புதைந்திருந்து, வாசனை பிடித்து மேலே வரும் நசாரியஸ் நத்தை அதைத் தேடித் தின்னும். ஆனால் அது பாசியைத் தொடாது. துறவி நண்டு எதையும் தின்னும். வளர வளர அதற்குப் பெரிய வீடு தேவை என்பதால், காலிச் சங்குகள் சிலவற்றைப் போட்டுவைக்காவிட்டால் நத்தையைக் கொன்று அதன் ஓட்டைப் பறித்துக்கொள்ளும். புதுத் தொட்டியில் ஒரே நாளில் ஐம்பது நத்தைகளை விட்டால், பாசி தீர்ந்ததும் பட்டினிச் சாவுதான். செத்தவை அழுகி, சுத்தம் செய்ய வந்த படையே அழுக்காகிவிடும். முதலில் நாலைந்தை விட்டு, சில வாரங்கள் பொறுத்துப் பார்ப்பதே நல்லது. மீனுக்கு நோய் என்று செம்பு கலந்த மருந்தை ஊற்றினால் மீன் பிழைக்கலாம். நத்தையும் இறாலும் பிழைக்காது.

கடல் அட்டை மட்டும் பட்டியலிலேயே வரக்கூடாது. 2001-ல் கடல் அட்டைகள் அனைத்தும், பாறை கட்டும் பவளங்களோடு சேர்த்து, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. சட்டத்தை மறந்தாலும் இன்னொரு காரணம் உண்டு: சில வகை அட்டைகள் சாகும்போது கக்கும் நஞ்சு தொட்டியையே சுடுகாடாக்கிவிடும். கடத்தல்காரர்களுக்குக் குறி தொட்டியல்ல, வெளிநாட்டுச் சாப்பாட்டு மேசை. 2020 பிப்ரவரியில் ஆளில்லாத சுஹேலித் தீவில் 1,700-க்கும் மேற்பட்ட செத்த அட்டைகள் சிக்கின. அதே ஆண்டு செரியபாணி பாறையைச் சுற்றி 239 சதுர கிலோமீட்டர் கடல், கடல் அட்டைகளுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

அகத்தியில் இது உயிர்களின் கதை மட்டுமல்ல, பிழைப்பின் கதையும்கூட. தீவின் தொழில் சூரை மீன். தமிழ்ச் சமையலறைகளும் அறிந்த மாசி இங்கே காய்ச்சி உலர்த்தப்படுவதுதான். சூரையைத் தூண்டிலில் பிடிக்க உயிருள்ள சிறுமீன் இரை வேண்டும். அது கிடைப்பது இந்தக் காயலில். கடல் சூடேறி 1998, 2010, 2016 என்று பவளங்கள் வெளுத்தன. அகத்தி, கட்மத், கவரத்தி தீவுகளை 24 ஆண்டுகள் கவனித்த ஆய்வாளர்களின் கணக்கில், 1998-ல் சுமார் 37 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 2022-ல் இருபதுக்கும் கீழே. செத்த பவளத்தைப் பாசி மூடிவிட்டால் புதுப் பவளக் குஞ்சு ஒட்ட இடமில்லை. அந்த இடத்தைச் சுரண்டிக் கொடுப்பது மேயும் மீன்களும் நத்தைகளும்தான். நகரத்துத் தொட்டிக்காக இங்கிருந்து அள்ளப்படும் ஒவ்வொரு நத்தையும், வேலை மிச்சமிருக்கும் இடத்திலிருந்து கிளம்பும் வேலையாள்.

மாற்றும் இதே தீவில் உண்டு. தேசிய மீன் மரபணு வளப் பணியகம் அகத்தியில் அலங்கார இறால்களை இனப்பெருக்கம் செய்யவைத்து, குஞ்சுகளைத் தொட்டியில் வளர்க்கத் தீவுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. கடல் சாமந்தியின் இதழ்களுக்கு நடுவே வாழும் கண்ணாடி போன்ற இறாலும் அவற்றில் ஒன்று. இக்கடலில் கண்டறிந்த புது இறால் ஒன்றுக்கு அகத்தியின் பெயரையே சூட்டினார்கள். கடலைத் தொடாமல் கடல் உயிரை விற்கும் வழி இது.

ஆகவே கடையில் விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வளர்த்ததா, பிடித்ததா? கடைக்காரர் பதில் சொல்லத் தயங்கினால், ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும். கண்ணாடியில் படிந்த பாசியைக் கையாலேயே தேய்த்துவிடலாம். அகத்தியின் பாறைகளை அப்படித் தேய்க்க ஆளில்லை.