திரையில் நம் எழுத்து



எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் வெண்ணாற்றுப் பாசன வயல்களில் நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவர்கள். பஸ் செலவுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் தஞ்சாவூரில் ஒரு வீடியோ கடையில் வேலை பார்க்கிறேன். சம்பா அறுப்பும் தை முகூர்த்தமும் சேர்ந்து வந்தால் கல்யாண வீடியோக்கள் குவிந்துவிடும்.

என் வேலை டைட்டில் போடுவது. மெனுவைத் திறந்தால் எழுத்துரு, அளவு, நிறம், ஓரக்கோடு, நிழல், ஓட்டம் என்று வரிசையாக நிற்கும். எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஆசைதான். எதை விடுவது என்பதுதான் படிப்பு! பட்டுச் சரிகையின் மேல் மஞ்சள் எழுத்து வைத்தால் கண்ணுக்கே தெரியாது; கறுப்பு ஓரக்கோடு கொடுத்தால் எடுப்பாக நிற்கும். பழைய பெட்டி டிவி படத்தின் ஓரத்தை விழுங்கிவிடும். அதனால் நான்கு பக்கமும் பத்தில் ஒரு பங்கு விட்டு உள்ளே எழுத வேண்டும்.

நம் நாட்டு பால் முறையில் விநாடிக்கு 25 படம், ஒவ்வொன்றிலும் 625 கோடு. ஒற்றைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைக் கோடுகள் மறுமுறை என்று படம் இரண்டு பாதியாக வரும். ஒரே கோட்டில் அடங்கும் மெல்லிய பகுதி ஒரு பாதியில் மட்டும் வந்து துடிக்கும். நம் புள்ளிக்கு அதுதான் ஆபத்து. புள்ளி போனால் 'பல்' 'பல' ஆகிவிடுமே!

1990-ல் அமெரிக்காவில் அமிகா கணினிக்காக வந்த வீடியோ டோஸ்டர், பெரிய ஸ்டுடியோக்களின் டைட்டில் வேலையை மேசைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்தக் காலக் கருவிகள் பலவற்றில் ஆங்கில எழுத்துதான். 1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. தமிழக அரசு 2010-ல் அதை ஏற்றது. இன்றும் சில மென்பொருளில் 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். மெனுவில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தேடிப் பிடித்து மாற்றினால்தான் ஒழுங்காகச் சேரும்.

இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? என் அப்பாயி 1990-களில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றவர். 1996-ல் நடந்த அத்தை கல்யாண கேசட்டில் எல்லாப் பெயரும் ஆங்கிலத்தில்! மகள் கல்யாணத்தில் தன் பெயரைத் தானே படிக்க அவரால் முடியவில்லை. போன வருடம் அதை டிஜிட்டலாக மாற்றியபோது தமிழில் டைட்டில் சேர்த்தேன். பெரிய எழுத்து, தடித்த புள்ளி, நிழல் கிடையாது. பெயர் ஓடாமல் எட்டு விநாடி நிற்கும்படி வைத்தேன். அப்பாயி விரலை நீட்டி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார்.

"எம் பேருடா! இத்தனை வருஷமா இதுலதான் ஓடிக்கிட்டு இருந்துச்சா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் கருவி செய்வோம், சிலர் மென்பொருள் எழுதுவோம். அந்த மெனுவில் யாருடைய எழுத்து விடுபட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கும் அந்தத் திரை சொந்தம்தானே!