ஒப்பமும் தெப்பமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்த நமக்கு ஆறு என்பது பெரும்பாலும் பூமிசாஸ்திரப் புத்தகத்திற் கண்ட பொருளேயாகும். மாரியில் ஓடிக் கோடையில் மறையும் வழுக்கையாற்றை விட்டால் ஓடுநீரின் குணத்தை நாம் அறிந்திலோம். கிணற்றிற் குதித்தும் கேணியில் அமிழ்ந்தும் கீரிமலையில் ஆடியும் நீச்சல் பழகியவர் நம்முட் பலர். அது நின்ற நீர். நம் பிழைகளைப் பொறுக்கும் நீர். பாறையில் மோதி நுரைத்துப் பாயும் மலையாறு அவ்வாறு பொறுப்பதன்று.

கல்லூரியை விட்டு நீங்கிய பின் நாம் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோம். அக்காலத்தில் உயர்வகுப்பு மாணவர் சிலர், சுற்றுலாவின்போது கித்துல்கலையில் இறங்கி, களனி கங்கையிற் காற்றடைத்த றப்பர்த் தெப்பத்திற் செல்ல வேண்டுமென விரும்பினர். 1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்துக்காகப் பாலங் கட்டிய இடம் அதுவென்பதும் அவர்தம் ஆவலைப் பெருக்கிற்று. பெற்றோரின் சம்மதக் கடிதங்களை வாங்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. ஒரு மாணவனின் தாயார் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “சேர், நீங்கள் அங்கை போய்ப் பார்த்தனீங்களோ?” என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடி, விடுமுறையொன்றில் நாமே அங்கு சென்றோம்.

இரண்டு இடங்களை விசாரித்தோம். முதலாவது இடத்தில் நம் கையிற் தரப்பட்டது ஒரு கடதாசி. உயிருக்கோ உடலுக்கோ சேதம் நேரின் நடத்துநர் பொறுப்பல்லர் என்று அதிற் கண்டிருந்தது. ஒப்பமிட்டதும் அங்கியைத் தந்தனர். நீந்தத் தெரியுமோ என்று ஒருவரும் கேட்டிலர். இரண்டாவது இடத்திலோ வழிகாட்டி ஒருவர் கரையில் அரைமணி நேரம் பாடம் நடத்தினார். தெப்பத்திலிருந்து வீழ்ந்தவன் ஓடுநீரில் எழுந்து நிற்க முயலலாகாது. கால் பாறையிடுக்கிற் சிக்கினால், வேகம் உடலை முன்னே சாய்த்து அமிழ்த்திவிடும். மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதக்கவேண்டும். அங்கியின் வார்களை அவரே இழுத்துப் பார்த்தார். இருதய நோயுடைய ஒருவரைப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார். மலைநாட்டு மழையும் மேலேயுள்ள மின்நிலையங்கள் விடும் நீரும் ஆற்றின் மட்டத்தை மாற்றுமாதலால், அன்றைய நீர்மட்டத்தைக் கண்டே தெப்பம் இறக்குவதாகவும் சொன்னார்.

இரண்டாவது இடத்திற் கட்டணம் அதிகம். ஆதலால் முதலாவது இடத்திலேயே கூட்டம் நிறைந்திருந்தது. ஈண்டு ஓர் உண்மை புலப்படும். கவனமாக நடத்துபவனுக்குச் செலவு கூடும்; கவனமின்றி நடத்துபவனுக்கு இலாபம் கூடும். வாடிக்கைக்காரருக்கோ இவ்விருவரிடையே வேற்றுமை தெரியாது. எல்லார்க்கும் ஒரே அளவுகோலை வைக்கும் சட்டம் இல்லையெனின், நல்லவனே நட்டமடைவான்.

பிற தேசத்தார் இப்பாடத்தை உயிர்களை இழந்தே கற்றனர். 1993ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் லைம் குடாவில், பாடசாலையொன்றிலிருந்து சிறு ஓடங்களிற் சென்ற மாணவர் நால்வர் மாண்டனர். அந்நிலையத்திற் கடமையாற்றிய பயிற்றுநர் இருவர் முந்திய ஆண்டிலேயே எழுத்தில் எச்சரித்திருந்தமை வழக்கில் வெளிவந்தது. 1994இல் நிறுவனம் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டது. அதன் பணிப்பாளர் சிறை சென்றார். 1995இல் பாராளுமன்றம் சட்டமியற்ற, பதினெட்டு வயதிற்குட்பட்டோரை இத்தகைய சாகசங்களுக்கு அழைத்துச் செல்லும் நிலையங்களுக்கு உரிமமுறை மறு ஆண்டில் வந்தது.

சுவிற்சர்லாந்தின் இன்ரர்லாக்கனுக்கு அண்மையிலுள்ள சாக்செற் ஓடையில், 1999ஆம் ஆண்டு யூலை 27ஆந் திகதி, மேலே பெய்த இடிமழையால் வெள்ளம் திடீரெனப் பாய்ந்தது. பள்ளத்தாக்கினூடே இறங்கிக்கொண்டிருந்தவருள் இருபத்தொருவர் மாண்டனர். அவருள் மூவர் வழிகாட்டிகள். நிறுவனத்தைச் சார்ந்த அறுவர் 2001இல் தண்டிக்கப்பட்டனர். ஆயினும் சட்டம் 2010ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. 2014 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. நுரைபுனலிற் தெப்பம் விடுவோரும் அதன்படி உரிமம் பெறவேண்டும், காப்புறுதி செய்யவேண்டும், ஆபத்தை வருவோர்க்கு விளக்கவேண்டும், அவர்தம் உடல்வலிமையையும் வானிலையையும் கருவிகளையும் சோதிக்கவேண்டும், தகுதியுடைய வழிகாட்டிகளைப் போதிய தொகையில் வைத்திருக்கவேண்டும். கித்துல்கலையில் அந்த வழிகாட்டி தாமாகவே செய்தவையல்லவோ இவை? நல்லவர் ஒருவரின் வழக்கத்தை எல்லார்க்கும் கடமையாக்குவதே சட்டத்தின் பயன்.

சட்டம் வந்தால் ஆபத்து அற்றுவிடும் என நாம் கூறோம். ஆற்றுக்குச் சட்டம் தெரியாது. அபாயம் சிறிதுமில்லாத இளமைப் பருவத்தையும் நாம் வேண்டோம். நம் மாணவரை இரண்டாவது இடத்திற்கே அழைத்துச் சென்றோம். ஒரு பாய்ச்சலில் தெப்பம் சரிய, ஒருவன் வீழ்ந்தான். சொல்லிக் கொடுத்தவாறே மல்லாந்து மிதந்தான். கரையிற் காத்திருந்தவர் எறிந்த கயிற்றைப் பற்றினான். அவன் கேள்வி கேட்ட தாயாரின் மகன் அல்லன். எனினும் அவனுக்கும் ஒரு தாய் உண்டு. அவன் உயிரைக் காத்தது கயிறும் பயிற்சியுமேயன்றி நாம் இட்ட ஒப்பமன்று.

இன்று கல்லூரியிலுள்ள ஆசிரியர்க்கும் மாணவ நண்பர்க்கும் நாம் கூறுவது இதுவே. பயணம் புறப்படுமுன் நடத்துநரின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். வழிகாட்டி எங்கே பயின்றவர், மீட்புக் கயிற்றுடன் நிற்பவர் யார், நீர் எம்மட்டம் ஏறினால் தெப்பம் இறங்காது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான விடையில்லாத இடத்தில் இறங்காதீர்கள். அரசாங்க சேவையிலும் சட்டத்துறையிலும் காப்புறுதித் தொழிலிலும் உயர்ந்து நிற்கும் நம் பழைய மாணவர் பலர் இந்தச் சபைவிழாவில் ஒன்றுகூடுகின்றனர். அவர்கள் இப்பொருளைக் கையிலெடுப்பாராயின், ஒரு மரணம் வந்து நமக்குப் பாடஞ் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.