காதல் கதைகளில் நம் குருக்கள்

நம் பங்கில் வாழ்ந்துவந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தவர். நாள் தவறாது காலைத் திருப்பலிக்கு வந்து, தூணருகே ஓரமாக அமர்ந்து, முடிந்ததும் அதிகம் பேசாமல் வீடு திரும்புவார். அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் அவருடைய தம்பி மகன் மூன்று அட்டைப் பெட்டிகளை அறைவீட்டுத் திண்ணையில் இறக்கிவைத்து, “அத்தை இதையெல்லாம் கோயில் நூலகத்துக்குக் கொடுக்கச் சொன்னாங்க, சாமி” என்றார். புனிதர் வரலாறுகளும் செபநூல்களும் இருக்கும் என எண்ணியே பிரித்தோம். இருந்தவையோ பெரும்பாலும் காதல் நாவல்கள். உடனிருந்த உபதேசியார் மேலட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பிள்ளைங்க கையில கொடுக்கிறதுக்கு முன்னால சாமி ஒருமுறை பார்த்துக்கிட்டா நல்லது” என்றார். அவ்வாறு பார்க்கத் தொடங்கியதுதான். ஏறத்தாழ எட்டு மாதங்கள் இரவுச் செபத்திற்குப் பின் அந்தப் பெட்டிகளே நமக்குத் துணையாயின.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். காதல் கதைகளை நாம் மதித்தவர் அல்லர். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்ற நாள்களில் நாவல் என்பது விடுமுறைக்கு உரிய பொழுதுபோக்காகவே நமக்குத் தோன்றியது. திருமணம் என்னும் அருளடையாளத்தைப் பற்றித் தேர்வெழுதி நல்ல மதிப்பெண் பெற்றோம். ஆனால் இருவர் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கும்போது அவர்களுக்குள் நிகழ்வது என்ன என்று எந்தத் தேர்விலும் எவரும் நம்மைக் கேட்கவில்லை. புனிதர்கள் இந்தக் கதைகளை அறியாதவர்களும் அல்லர். அவிலா நகர்ப் புனித தெரேசா, இளமையில் தம் தாயைப் போலவே தாமும் வீரக்காதல் கதைகளில் மூழ்கிக் கிடந்ததைத் தம் வரலாற்றில் வருத்தத்தோடு குறிப்பிடுகிறார். 1521ஆம் ஆண்டு பம்ப்லோனாப் போரில் கால் முறிந்து லொயோலாவில் படுத்திருந்த இஞ்ஞாசியார் கேட்டதும் அத்தகைய கதைகளைத்தான்; வீட்டில் அவை இல்லாததால் கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும் அவர் கைக்கு வந்தன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 ஜூலை 17 அன்று இலக்கியத்தைக் குறித்து எழுதிய மடலில், குருக்களின் உருவாக்கத்தில் நாவலுக்கும் கவிதைக்கும் உரிய இடத்தை வலியுறுத்தினார். அந்த மடல் வந்தபோது நமக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது!

முதல் பெட்டியில் ரமணிசந்திரன் நாவல்கள் மிகுதி. இரண்டு நூல்களைப் படித்ததுமே மூன்றாவதன் முடிவைச் சொல்லிவிடலாம். செருக்குள்ள ஆண், தன்மானமுள்ள பெண், இடையில் ஒரு தவறான எண்ணம், இறுதியில் எல்லாம் தெளிதல். முதலில் சிரித்தோம். பத்தாவது நூலை எடுத்தபோதுதான் புரிந்தது: வாசிப்பவர் முடிவை அறியாமல் இவற்றை வாசிப்பதில்லை, முடிவு நல்லதாகவே இருக்கும் என்ற உறுதிக்காகவே வாசிக்கிறார். இன்றைய பொழுது எப்படி முடியுமோ என்று அஞ்சியே நாளைக் கழிக்கும் ஒரு பெண்ணுக்கு, முடிவு தெரிந்த கதை அரைமணி நேர இளைப்பாறுதல். செபமாலையில் அடுத்து வரும் மறைபொருள் எது என்று தெரிந்திருந்தும் நாம் நாள்தோறும் அதைச் சொல்வதில்லையா? எனினும் ஒரு குறையை மறைப்பதற்கில்லை. ஆணின் கடுமையையே அன்பின் மறுவடிவமாகக் காட்டும் இடங்கள் நம் மனத்தை உறுத்தின. அந்தக் கடுமை கதையில் கடைசிப் பக்கத்தில் கரைந்துவிடுகிறது. வாழ்வில் அது அறைவீட்டு வாசலில் கண்ணீராக வந்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம்.

அதே பெட்டியில் நா. பார்த்தசாரதியின் குறிஞ்சி மலரும் இருந்தது. தமிழறிஞரின் மகள் பூரணியும் இலட்சிய இளைஞன் அரவிந்தனும் சில இடங்களில் மனிதர்களைப் போலன்றி மேடைப் பேச்சாளர்களைப் போலவே உரையாடுகின்றனர். ஆனாலும் அந்தப் பெயர்களைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழ்ந்த பெற்றோர் பலர். அரவிந்தன் இறந்தபின் பூரணி வாழும் வாழ்வைப் படித்த இரவில், தூணருகே அமர்ந்திருந்த அம்மையாரை நினைத்துக்கொண்டோம். அவர் கதை என்னவென்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டாம் பெட்டியில் கிடைத்த தி. ஜானகிராமனின் மோகமுள்ளை முதல் நாள் ஐம்பது பக்கத்தோடு மூடி வைத்தோம். இசை பயிலும் பாபு தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவின்மேல் கொள்ளும் தீராத வேட்கையை ஒரு குரு எதற்காகப் படிக்க வேண்டும் என்று தோன்றியது. மறுவாரம் மீண்டும் எடுத்தோம். முடிக்கும்வரை வைக்க இயலவில்லை. ஆசிரியர் ஆசையைப் பழிக்கவுமில்லை, கொண்டாடவுமில்லை. அதன் அளவைக் காட்டுகிறார். ஆண்டுக்கணக்கில் ஏங்கியது கைகூடிய பின்னும், அந்த மனிதனுக்குத் தேட வேண்டியது ஒன்று மிஞ்சியே நிற்கிறது. ஆசையைப் பற்றி நாம் நிகழ்த்திய எத்தனையோ மறையுரைகள் இந்த நேர்மையை எட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மூன்றாம் பெட்டியைத் திறந்தபோது ஆங்கில நூல்கள் வந்தன. அங்கேதான் நாம் எதிர்பாராத சிலரைச் சந்தித்தோம்: நம் இனத்தாரை. காதல் கதை என்றால் திருமணம் வரும். திருமணம் என்றால் குரு வருவார் அன்றோ? ஆனால் வந்தவர்களில் பெருமைப்படத் தக்கவர் மிகக் குறைவு. 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘செருக்கும் முற்சாய்வும்’ நாவலில் வரும் காலின்ஸ் என்னும் ஆங்கிலிக்கன் குரு, பங்கு மக்களுக்கு முன்மாதிரி காட்டவே தாம் மணம் முடிக்க விரும்புவதாகப் பெண்ணிடமே காரணங்களை வரிசையாக அடுக்குகிறார். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தில் லாரன்ஸ் என்னும் துறவி, இரு குடும்பத்துப் பகையும் தீரும் என நம்பி இருவருக்கும் மறைவில் மணம் முடித்து வைக்கிறார். நல்ல மனிதர்தாம். ஆனால் கல்லறையில் ஆளரவம் கேட்டதும், எழுந்தமர்ந்த சிறுபெண்ணைத் தனியே விட்டு அஞ்சி ஓடிவிடுகிறார்.

சார்லட் பிரான்டி 1847இல் வெளியிட்ட ஜேன் அயர் நாவலில் ஒரு திருமணக் காட்சி உண்டு. தடை ஏதேனும் உண்டா என்று முறைப்படி கேட்டுவிட்டு குரு சற்று நிறுத்துகிறார். பின்னாலிருந்து ஒரு குரல், உண்டு என்கிறது. மணமகனின் முதல் மனைவி உயிரோடிருக்கிறாள். மேலே நடத்துமாறு மணமகன் வற்புறுத்தியும், உண்மை தெரியாமல் நடத்தமாட்டேன் என்று மறுத்துவிடுகிறார் அந்தக் குரு. கதையில் அவருக்கு இடம் ஓரிரு பக்கமே. ஆயினும் அவரைக் கண்டு மனம் நிறைந்தது. தடை என்ற சொல்லின் பொருள் அறிந்தவர் அவர். பிறர் வாழ்வைக் காக்க உள்ளதே தடை என்னும் சட்டம்.

பெட்டியின் அடியில் இருந்தது அலெக்சாண்டர் மான்சோனி என்னும் இத்தாலியர் எழுதிய ‘மண ஒப்பந்தமான இருவர்’ நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. முதற்பக்கத்தில் அம்மையாரின் கையெழுத்தில் 2015 என்னும் ஆண்டும், ‘திருத்தந்தை சொன்னது’ என்னும் குறிப்பும் இருந்தன. அதைக் கண்டதும் திடுக்கிட்டோம். 2015 மே 27 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தம் புதன்கிழமை மறைக்கல்வியில், மணம் முடிக்க இருப்போர் இந்த நூலைப் படிக்க வேண்டும் என்று சொன்னார். அன்று வேறொரு பங்கில் இருந்த நாம், திருமணத் தயாரிப்பு வகுப்பில் அதை அப்படியே எடுத்துரைத்தோம். நாம் படித்ததில்லை. அந்த அம்மையாரோ சொன்னதைக் கேட்டு நூலையே தேடி வாங்கியிருக்கிறார்.

1827இல் முதலில் வெளிவந்த அந்த நாவலின் கதை, ஸ்பானியர் ஆட்சியிலிருந்த லொம்பார்தியில் 1628இல் தொடங்குகிறது. ரென்சோவும் லூச்சியாவும் எளிய தொழிலாளர், மறுநாள் திருமணம். லூச்சியாவின்மேல் கண்வைத்த ஒரு பிரபுவின் அடியாள்கள் இருவர், பங்குக் குரு தோன் அபோந்தியோவை வழிமறித்து, இத்திருமணம் நடக்கக் கூடாது என்று மிரட்டுகின்றனர். மறுநாள் வந்த ரென்சோவிடம் அவர் உண்மையைச் சொல்லவில்லை. இன்னும் சில விசாரணைகள் முடியவில்லை என்கிறார். திருமணத் தடைகளை இலத்தீனில் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிக்கிறார். பின்னர் அவ்விருவரும் இரு சாட்சிகளோடு இரவில் வந்து, அவர் முன்னிலையில் மணச்சொல்லைச் சொல்லிவிட முயலும்போது, மேசைவிரிப்பைப் பிடுங்கி லூச்சியாவின் முகத்தில் எறிகிறார். அவள் சொல்லி முடித்துவிடக் கூடாது என்பதற்காக!

அந்தப் பக்கத்தில் நூலை மூடிவிட்டோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

2016இல் அந்தப் பழைய பங்கில் ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் நம்மிடம் வந்தனர். இருவரும் நம் மக்களே. ஒரே கோயிலில் புதுநன்மை வாங்கியவர்கள். அவருக்கு இருபத்தேழு வயது, அவருக்கு மனைவியாக இருந்தவருக்கு இருபத்துநான்கு. சாதி வேறு. ஓலை வாசிக்கக் கேட்டனர். அதற்குள் செய்தி பரவி, இரு தரப்பிலும் பெரியவர்கள் கூட்டமாக அறைவீட்டுக்கு வந்துவிட்டனர். இந்த ஓலை வாசிக்கப்பட்டால் இவ்வாண்டு திருவிழாவே நடக்காது என்றனர். நாம் அந்த இருவரிடம் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதற்கும் துணிவு வேண்டுமே! திருமுழுக்குச் சான்றிதழ் பழையது, புதுப்படி வேண்டும் என்றோம். கொண்டுவந்தபோது தவக்காலம் தொடங்கிவிட்டது என்றோம். உயிர்ப்புப் பெருவிழா முடிந்து வந்தபோது, பெற்றோர் ஒப்புதல் கடிதம் வேண்டும் என்றோம். வயதுவந்தோருக்குத் திருச்சபைச் சட்டம் அதைத் தடையாகச் சொல்லவில்லை என்பதும், சாதி எந்தப் பட்டியலிலும் தடையாக இல்லை என்பதும் நமக்குத் தெரியும். ஐந்து முறை வந்தார்கள். ஐந்தாம் முறை அந்தப் பெண், “எங்கள்மேல் என்ன குற்றம் இருக்கிறது, ஃபாதர்?” என்று கேட்டார். நாம் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அதன்பின் அவர்கள் வரவில்லை. தொலைநகர் ஒன்றில் பதிவு அலுவலகத்தில் மணந்துகொண்டார்கள் என்றும், பின்னர் அங்கிருந்த ஒரு குரு அதைக் கோயிலில் முறைப்படி நிறைவேற்றி வைத்தார் என்றும் கேள்விப்பட்டோம். தோன் அபோந்தியோ எறிந்தது மேசைவிரிப்பு. நாம் எறிந்தது விண்ணப்பத்தாள்கள்.

இரண்டு நாள் கழித்து நூலை மீண்டும் எடுத்தோம். மிலான் கர்தினால் பெதெரிகோ பொரோமேயோ அந்தக் குருவை அழைத்து, ஏன் மணம் முடித்து வைக்கவில்லை என்று கேட்கும் இடம் வருகிறது. துணிவு ஒருவன் தானே தனக்குக் கொடுத்துக்கொள்ளக் கூடியதன்று என்பது அவர் சொல்லும் சாக்கு. படித்தபோது நம் வாய்மொழியாகவே இருந்தது. கர்தினால் துணிவைப் பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்தவில்லை. அவர் சுட்டிக்காட்டுவது அன்பை. உன்னிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள்மேல் அன்பு இருந்திருந்தால், அவர்களுக்கு நேரவிருந்த துன்பத்தை எண்ணியே நீ நடுங்கியிருப்பாய் என்பது அவர் கூற்றின் சாரம். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இருந்தது. நம் கதை அம்மையாருக்குத் தெரியாது. எனினும் அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எட்டு மாத வாசிப்பில் நாம் கற்றது இதுவே. காதல் கதைகளில் வரும் இளையவர்கள் துணிவு மிக்கவர்களாகப் பிறப்பதில்லை. ஒருவர்மேல் அன்பு வந்தபின் துணிவு தானே வந்துவிடுகிறது. குருக்களாகிய நாம் அவர்களை உணர்ச்சிவயப்பட்டவர்கள் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். நமக்குக் குறைந்திருந்தது அந்த உணர்ச்சிதான். சட்டம் நன்கு தெரிந்திருந்தது. அந்த இரண்டு பிள்ளைகளை நேசிக்கத்தான் மறந்திருந்தோம்.

முகவரி தேடி அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினோம். நடந்ததை மறைக்காமல் எழுதி, மன்னிப்புக் கேட்டு, இவ்வளவு காலம் கழித்து எழுதவைத்தது ஒரு நாவல் என்பதையும் குறிப்பிட்டோம். ஒரு மாதத்திற்குப் பின் பதில் வந்தது. எழுதியவர் அந்தப் பெண். தாங்கள் நலம் என்றும், ஒரு மகள் பள்ளி செல்கிறாள் என்றும் எழுதியிருந்தார். மன்னித்ததாகவும் எழுதவில்லை, மன்னிக்கவில்லை என்றும் எழுதவில்லை. இறுதியில், அந்த நாவலின் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்.

பெயரை எழுதி அனுப்பினோம். நூலை அனுப்பவில்லை, அது இப்போது கோயில் நூலகத்தில், மற்ற காதல் நாவல்களோடு, வாசலுக்கு எதிரே உள்ள அடுக்கில் இருக்கிறது. பார்த்து முடித்தாயிற்றா, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று உபதேசியார் கேட்டார். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், அடுத்து வரும் பங்குத்தந்தைக்கும் மறவாமல் கொடுங்கள் என்றோம்.